கூனியின் முதுகு

சென்ற வருஷம் என் பேத்தி படிக்கிற பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா நடந்தது. நாலாம் வகுப்புக் குழந்தைகள் ராமாயணத்தில் ஒரு பகுதியை நாடகமாகப் போட்டார்கள். சீதை வேஷம் வகுப்பிலேயே சிவப்பான பெண்ணுக்குப் போயிற்று. என் பேத்திக்குக் கிடைத்தது கூனி வேஷம். அவள் கறுப்பு, வகுப்பில் மற்ற எல்லோரையும்விட ஒரு சாண் உயரம். அந்த உயரத்தை மறைப்பதற்காகவோ என்னவோ கொஞ்சம் குனிந்து நடக்கிற பழக்கமும் அவளுக்கு உண்டு. "குரல் நல்லா இருக்கு, அழுத்தமா நடிப்பா" என்று ஆசிரியை சொன்னாராம். சொன்னது பொய்யில்லை. முதுகில் ஒரு தலையணையைக் கட்டிக்கொண்டு அவள் நடித்த நடிப்புக்குச் சபையில் நல்ல கைதட்டல் கிடைத்தது. சிறுவன் ராமன் வில்லில் மண்ணுருண்டை வைத்து அவள் முதுகில் அடித்தபோது அதைவிடப் பெரிய கைதட்டல்.

நாடகம் ஒரு மணி நேரத்தில் முடிந்தது. தலையணையை அவிழ்த்தாகிவிட்டது. பெயரைத்தான் அவிழ்க்க முடியவில்லை. வகுப்பில் அவளுக்குக் கூனி என்றே பெயர் நிலைத்துவிட்டது. பள்ளிக்கூட வண்டியில் ஏறும்போது பின்னாலிருந்து முதுகில் யாராவது ஒரு காகித உருண்டையை எறிவார்கள். இதை அவள் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு நாள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு என் அறைக்கு வந்து, "தாத்தா, ராமர் நிஜமாவே கூனியை அடிச்சாரா?" என்று கேட்டாள்.

"அடிச்சதாத்தான் கம்பர் சொல்றார்" என்றேன்.

"அப்புறம் அவகிட்ட ஸாரி சொன்னாரா?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "பாத்துச் சொல்றேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஐம்பது வருஷமாகக் கதை எழுதிப் பிழைக்கிறவன் ஒன்பது வயசுக் குழந்தையிடம் வாய்தா வாங்கிக்கொண்டது இதுதான் முதல் தடவை. அந்த வாய்தாவில் நான் படித்ததையும் யோசித்ததையும்தான் இங்கே எழுதுகிறேன்.

குழந்தைகளுக்கு நாம் சொல்கிற கதைகளில் அழகில்லாத உடம்புகளுக்கு என்ன கதி நேருகிறது என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனால், ஒரு விஷயம் தெளிவாகத் தெரிகிறது. அந்த உடம்புகளுக்கு இரண்டு வாசல்கள்தான் திறந்திருக்கின்றன. ஒன்று, கதை முடிவதற்குள் உடம்பு நேராகிவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்த உடம்புக்குள் இருக்கிற மனசும் கோணலாக இருக்க வேண்டும்.

முதல் வாசலுக்கு உலகப் பிரசித்தி பெற்ற உதாரணம், டென்மார்க் தேசத்து ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் 1843 இல் வெளியிட்ட அவலட்சணமான வாத்துக்குஞ்சின் கதை. நம் ஊர் ஆங்கிலப் பள்ளிக்கூடங்களில் இதைக் கேட்காத குழந்தை அநேகமாக இருக்காது. மற்ற வாத்துகளால் கொத்தப்பட்டும் விரட்டப்பட்டும் அலைகிற குஞ்சு, ஒரு குளிர்காலத்தைத் தனியாகக் கழித்துவிட்டு, வசந்தத்தில் தண்ணீரில் தன் நிழலைப் பார்க்கிறது. தான் வாத்தே இல்லை, அன்னம் என்று அறிகிறது. கரையில் நிற்கிற குழந்தைகள், புதிதாக வந்ததுதான் எல்லாவற்றிலும் அழகு என்று கூவுகிறார்கள்.

இது நல்ல கதையா என்றால், நல்ல கதைதான். ஏழைச் செருப்புத் தொழிலாளியின் மகனாகப் பிறந்து, நெட்டையாகவும் கோணலாகவும் வளர்ந்து, கேலிக்கு ஆளாகிப் பிறகு புகழ் பெற்றவர் ஆண்டர்சன். அந்தப் பனிக்காலப் பக்கங்களில் அவருடைய சொந்த வலி இருக்கிறது. ஆனால் குழந்தைக்கு அது தருகிற ஆறுதல் என்ன என்று கேட்டுப் பார்க்க வேண்டும். 'பொறுத்துக்கொள், ஒரு நாள் நீ அழகாகிவிடுவாய்' என்பதுதான் அந்த ஆறுதல். வாத்துகள் கொத்தியது தவறு என்று கதை சொல்லவில்லை. அன்னத்தைக் கொத்தியதுதான் தவறு என்று சொல்கிறது. கடைசி வரையில் வாத்தாகவே இருந்துவிட்ட ஒரு குஞ்சு இந்தக் கதையைக் கேட்டால் என்ன செய்யும்?

நம்முடைய கதைகள் இதற்குச் சளைத்தவை என்று யாரும் எண்ண வேண்டாம். மகாபாரதத்தில் அஷ்டாவக்கிரர் வருகிறார். தாயின் வயிற்றில் இருக்கும்போதே தகப்பனார் ஓதியதில் பிழை சொன்னதற்காகச் சபிக்கப்பட்டு எட்டு இடங்களில் கோணிப் பிறந்தவர். சிறுபிள்ளையாக ஜனகன் சபைக்குப் போய் வாதத்தில் வெல்கிறார். அவ்வளவு அறிவுக்குப் பிறகு வியாசர் அவரை அப்படியே விட்டிருக்கலாம். விடவில்லை. தகப்பனார் சொற்படி சமங்கை நதியில் முழுகி எழுந்ததும் அங்கங்கள் நேராகிவிடுகின்றன. வாய்வழியாக வழங்குகிற இன்னொரு கதையில், தம் உடம்பைப் பார்த்துச் சிரித்த சபையோரைப் பார்த்து அஷ்டாவக்கிரரும் சிரிக்கிறார். தோலை மட்டும் பார்க்கிற நீங்கள் தோல் தொழில் செய்கிறவர்கள்தானே என்கிறார். உபந்நியாசங்களில் இந்த இடத்துக்கு எப்போதும் ஆரவாரம் உண்டு. என்னைக் கேட்டால், இதில் ஆரவாரிக்க ஒன்றுமில்லை. தம்மீது பட்ட அழுக்கை அவர் இன்னொரு தொழிலாளியின் முதுகில் துடைத்துவிட்டுப் போகிறார். அவ்வளவுதான்.

பாகவதத்தில் மதுரா நகரத்துக் கூனி ஒருத்தி கண்ணனுக்குச் சந்தனம் கொடுக்கிறாள். கண்ணன் அவள் பாதத்தை மிதித்து, மோவாயைப் பிடித்துத் தூக்கி, கூனை நிமிர்த்திவிடுகிறான். அவன் கருணைக்கு அடையாளம் அது. குள்ளனாக வந்த வாமனன்கூட மூவுலகை அளக்க வேண்டிய நேரம் வந்ததும் திரிவிக்கிரமனாக வளர்ந்துவிடுகிறான்.

நிமிராத கூனி ஒருத்திதான். அவள் அயோத்தியில் இருக்கிறாள். அவளுக்கு இரண்டாவது வாசல்.

இந்த இரண்டாவது வாசலைப் பற்றிப் பேச எனக்கு ஒரு தனித் தகுதி உண்டு. நானும் அதன் வழியாக ஆட்களை அனுப்பியவன். 1978 இல் ஒரு வாரப் பத்திரிகையில் என் முதல் தொடர்கதை வந்தது. அதில் ஒரு வட்டிக்கடைக்காரன். அவன் கெட்டவன் என்பதை வாசகருக்கு முதல் பாராவிலேயே தெரிவித்துவிட வேண்டும் என்று எனக்கு அவசரம். முகமெல்லாம் அம்மைத் தழும்பு, ஒரு கண் மாறுகண் என்று எழுதினேன். வேலை சுலபமாக முடிந்துவிட்டது. அவன் ஏன் அப்படி ஆனான், அவன் வீட்டில் என்ன சாப்பிடுவான், யாரிடம் பிரியமாக இருப்பான் என்பதையெல்லாம் யோசிக்கிற சிரமம் மிச்சமாயிற்று. அவலட்சணத்தை வில்லத்தனமாக்குவது கற்பனை வளம் என்று நினைத்தேன். அது சோம்பல் என்று இப்போது தெரிகிறது.

நாலாவது வாரம் ஒரு தபால் கார்டு வந்தது. திருச்சிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். தமக்கு ஆறு வயதில் பெரியம்மை போட்டதாகவும், தம் மகள் என் கதையைச் சத்தமாக வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது அந்த வர்ணனை வந்ததும் நிறுத்திவிட்டதாகவும், அதற்கப்புறம் அவள் வாசிக்கவில்லை என்றும் இரண்டே வரியில் எழுதியிருந்தார். கோபமான வார்த்தை ஒன்றும் இல்லை. நான் பதில் போடவில்லை. என்ன எழுதுவது என்று தெரியவில்லை என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பெரியம்மை இந்தியாவை விட்டுப் போனது 1975 இல். உலகத்திலேயே ஒழிந்துவிட்டதாக 1980 இல் அறிவித்தார்கள். தழும்புள்ள முகங்கள் இப்போது வயதானவர்களிடம் மட்டுமே காணக்கிடைக்கின்றன. ஆனால் கதைகளில் வில்லன்களுக்குத் தழும்பு போடுகிற வழக்கம் எந்தத் தடுப்பூசிக்கும் அடங்கவில்லை. சினிமாவில் கறுப்பையும் பருமனையும் வழுக்கையையும் வைத்துச் சிரிப்பு மூட்டுவதும் அதே சோம்பலின் இன்னொரு கிளைதான்.

இதெல்லாம் வெறும் கதைதானே, குழந்தைகள் மறந்துவிடுவார்கள் என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு இரண்டு விஷயங்களை நினைவூட்ட விரும்புகிறேன், இரண்டும் அமெரிக்காவிலிருந்து.

அங்கே கென்னத் கிளார்க், மாமி கிளார்க் என்ற நீக்ரோ இனத்து மனோதத்துவ அறிஞர்கள், கணவனும் மனைவியுமாக, 1940களில் ஒரு பரிசோதனை செய்தார்கள். மூன்றிலிருந்து ஏழு வயது வரையுள்ள 253 கறுப்பினக் குழந்தைகளிடம் நிறத்தைத் தவிர வேறு வித்தியாசமில்லாத பொம்மைகளைக் கொடுத்து, எதோடு விளையாட ஆசை, எது நல்ல பொம்மை என்று கேட்டார்கள். மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகள் விளையாட வெள்ளைப் பொம்மையைக் கேட்டார்கள். பிறகு, இதில் உன்னைப் போல இருப்பது எது என்று கேட்டபோது சில குழந்தைகள் அழுதன. சில குழந்தைகள் அறையை விட்டே ஓடின. வெள்ளைக்காரக் குழந்தைகளையும் கறுப்பினக் குழந்தைகளையும் தனித்தனிப் பள்ளியில் வைப்பது செல்லாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1954 மே 17 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தபோது, ஆதாரங்களில் ஒன்றாகக் கிளார்க்கின் எழுத்தையும் அடிக்குறிப்பில் காட்டியது. குழந்தை பொம்மையைத் தள்ளிவைப்பது அவ்வளவு பெரிய சாட்சியம்.

இரண்டாவது, டோனி மாரிசன் 1970 இல் எழுதிய முதல் நாவல். மிக நீலமான கண்கள் வேண்டும் என்று கடவுளைக் கேட்டுக்கொண்டே இருக்கிற பெக்கோலா என்ற பதினொரு வயதுக் கறுப்புச் சிறுமியின் கதை. ஆரம்பப் பள்ளியில் தம்மோடு படித்த ஒரு பெண் நீலக் கண் வேண்டும் என்று சொன்னதைப் பல வருஷம் மறக்க முடியாமல்தான் மாரிசன் இதை எழுதினார். ஆண்டர்சன் கதைக்கு இதைவிடக் கடுமையான விமர்சனம் எனக்குத் தெரிந்து இல்லை. பெக்கோலாவும் கடைசியில் அன்னமாகிவிடுகிறாள். ஆனால் அது அவளுடைய சித்தப்பிரமையில். தனக்கு நீலக் கண் வந்துவிட்டதாக நம்பிக்கொண்டு புத்தி பேதலித்துத் திரிகிறாள். 'ஒரு நாள் நீ அழகாகிவிடுவாய்' என்ற வாக்குறுதியை ஒரு குழந்தை முழுசாக நம்பினால் எங்கே போய் நிற்கும் என்பதை மாரிசன் ஈவிரக்கமில்லாமல் காட்டிவிட்டார். இதை ஒன்பது வயசுக்குக் கொடுக்க முடியாது. ஒன்பது வயசுக் குழந்தைகளை வளர்க்கிறவர்கள் படிக்க வேண்டும்.

அது அமெரிக்காவின் நிறவெறி, நமக்கென்ன என்றும் கேட்கலாம். நம்மிடம் 1975 இல் 'ஃபேர் அண்ட் லவ்லி' என்ற களிம்பு விற்பனைக்கு வந்தது. 2020 இல் தான் அந்தப் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்து 'குளோ' என்று மாற்றினார்கள். நாற்பத்தைந்து வருஷம் ஒரு பொருள் விற்கிறதென்றால் வாங்குகிறவர்களிடமும் கோளாறு இருக்க வேண்டும். இத்தனைக்கும் நம்முடைய பழைய இலக்கியத்தில் நிலைமை நேர்மாறானது. சங்கப் பாட்டுகளில் பெண்ணின் மாமை நிறம் போற்றப்படுகிறது. அந்த மாமை மங்கி உடம்பு வெளுப்பதற்குப் பசலை என்று பெயர். பசலை நோயாகக் கருதப்படுகிறது. திருக்குறளில் அதற்கென்றே ஓர் அதிகாரம் உண்டு. பிரிவில் துயரப்படுகிற பெண்தான் வெளுப்பாள். எங்கள் தெருவில் கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணைப் பசலை பூக்க வைப்பதற்குக் காசு செலவழிக்கிறார்கள்.

இந்த நிலைமைக்கு மாற்றாக இப்போது ஒரு புதிய ரகப் புத்தகம் வருகிறது. வழவழப்பான தாளில் பெரிய படங்களோடு, 'நீ எப்படி இருந்தாலும் அழகுதான்' என்று குழந்தைக்குச் சொல்கிற புத்தகம். நல்லெண்ணத்தோடு எழுதப்பட்டவை. என் பேத்திக்கும் இரண்டு வாங்கிக் கொடுத்தோம். அவள் புரட்டிவிட்டு, "எல்லாரும் அழகுன்னா, அப்புறம் எதுக்கு அழகுன்னு ஒரு வார்த்தை?" என்று கேட்டாள். எனக்கும் அதுதான் சந்தேகம். எல்லாக் குழந்தையையும் அழகுப் பரீட்சையில் பாஸ் போட்டுவிடுவதால் பரீட்சை நின்றுபோவதில்லை. மார்க் யார் போடுகிறார்கள் என்று குழந்தைக்கு நன்றாகத் தெரியும். புத்தகம் பொய் சொல்கிறது என்பதும் மறுநாள் பள்ளிக்கூட வண்டியில் தெரிந்துபோகும்.

உருவத்தைக் கண்டு யாரையும் இகழக்கூடாது என்று சொன்ன வள்ளுவர் அவர்களும் அழகுதான் என்று சமாதானம் சொல்லவில்லை. உருண்டோடுகிற பெரிய தேருக்கு அச்சாணி போன்றவர்கள் உண்டு என்றார். அந்தக் குறளை அவர் வைத்திருக்கிற அதிகாரம் வினைத்திட்பம். உடம்பைப் பார்வைப் பொருளாக வைத்துப் பேசாமல், காரியம் செய்கிற ஒன்றாக வைத்துப் பேசுகிறார். இது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் இதற்கும் ஓர் ஆட்சேபம் உண்டு. அச்சாணியாகவும் இருக்க முடியாத குழந்தைகள், படுக்கையை விட்டு எழ முடியாத குழந்தைகள் இருக்கிறார்களே, அவர்களை இகழலாமா? உபயோகத்தை வைத்து மதிப்பதும் இன்னொரு பரீட்சைதான்.

பரீட்சையே இல்லாத ஒரே ஆசாமி நம் கதைகளில் பிள்ளையார் என்று தோன்றுகிறது. பக்திக்காகச் சொல்லவில்லை, கதாபாத்திரமாகவே பார்க்கிறேன். தலை யானைத்தலை. வயிறு பானை. ஒரு தந்தம் ஒடிந்தது. இத்தனை கதைகளில் ஒன்றில்கூட அவருக்கு மனித முகம் திரும்பி வருவதில்லை, வயிறு வற்றுவதில்லை. அவரைப் பார்த்துச் சிரித்த சந்திரன்தான் தேய்ந்துபோனான். உடம்பு திருந்த வேண்டியதில்லை, சிரித்தவன்தான் திருந்த வேண்டும் என்று குழந்தைக்குச் சொல்லாமல் சொல்கிற கதை அது. நம் குழந்தைகள் மண்ணில் முதலில் பிடித்துப் பார்க்கிற உருவம் பிள்ளையாராக இருப்பது தற்செயல் இல்லை என்று நினைத்துக்கொள்ள எனக்கு ஆசை.

அப்படியானால் கூனியை என்ன செய்வது? நாடகத்திலிருந்து எடுத்துவிடலாமா? கூடாது என்பது என் அபிப்பிராயம். எடுத்தால் நஷ்டம் நமக்குத்தான். கம்பன் என்ன செய்திருக்கிறான் என்பதைப் பார்த்தால் தெரியும்.

கம்பன் கூனிக்குத் தயை காட்டியவன் இல்லை. இராவணன் செய்த தீமை நடந்து வருவதைப் போலத்தான் அவளை அறிமுகப்படுத்துகிறான். ஆனால் அவள் முடிசூட்டு விழாவுக்காக அலங்கரித்த அயோத்தியைப் பார்த்து எரிகிற அந்தச் சமயத்தில், முன்னொரு நாள் ராமனுடைய வில்லிலிருந்து வந்து தன்மீது பட்ட மண்ணுருண்டையை நினைத்துக்கொள்கிறாள் என்று ஒரு வார்த்தை சேர்த்துவிடுகிறான். எறிந்தவனுக்கு அது விளையாட்டு. பட்டவள் அதை வருஷக்கணக்காக முதுகில் சுமந்திருக்கிறாள். கோணல் உடம்பிலிருந்து கோணல் மனசு பிறக்கவில்லை. நேரான உடம்புக்காரன் ஒருவன் எறிந்ததிலிருந்து பிறந்தது என்கிற உண்மையைக் கவிஞன் அந்த ஒரு வார்த்தையில் வைத்திருக்கிறான். என் வட்டிக்கடைக்காரனுக்கு நான் செய்யாததை அவன் கூனிக்குச் செய்தான்.

இதோடு நிற்கவில்லை. பேத்தியின் கேள்விக்காகத் தேடிக்கொண்டு போனபோது கிட்கிந்தா காண்டத்தில், அரசியற் படலத்தில், அந்த இடம் மறுபடி அகப்பட்டது. முன்பு படித்ததுதான், படித்தும் படிக்காதவனாக இருந்திருக்கிறேன். வாலி இறந்த பிறகு சுக்ரீவனுக்கு முடிசூட்டி, ராமன் அவனுக்கு ராஜநீதி சொல்கிறான். சிறியவர்கள் என்று இகழ்ந்து யாருக்கும் நோகும்படி ஒன்றும் செய்யாதே என்கிறான். அந்த நெறியைத் தவறவிட்டு நான் ஒரு தீமை செய்தேன், அதனால்தான் அந்தக் குறுகிய உடம்புக் கூனியால் துயரக் கடலில் விழுந்தேன் என்கிறான். விளையாட்டு என்று சொல்லவில்லை. அறியாப் பருவம் என்று சாக்குச் சொல்லவில்லை. தீமை என்றே சொல்கிறான். மகுடத்தையும் நாட்டையும் இழந்து, மனைவியையும் பறிகொடுத்து நிற்கிறவன், எல்லாவற்றுக்கும் ஆரம்பத்தில் அந்த மண்ணுருண்டை இருப்பதைக் காண்கிறான்.

பள்ளிக்கூட நாடகங்கள் மண்ணுருண்டையைக் காட்டிவிட்டு இந்த இடத்தை விட்டுவிடுகின்றன. கூனிக்குத் தலையணை கட்டுவதில் தவறில்லை. கிட்கிந்தை வரையில் போகாமல் திரையை இறக்கிவிடுவதுதான் தவறு. குழந்தைகளின் கைதட்டல் முதல் காட்சியோடு நின்றுபோகிறது. கறுப்புப் பெண்ணுக்குச் சீதை வேஷமும் சிவந்த பெண்ணுக்குக் கூனி வேஷமும் கொடுத்துப் பார்த்தாலும் குடி முழுகிவிடாது.

மறுநாள் ராத்திரி பேத்தியைக் கூப்பிட்டுச் சொன்னேன். "ராமர் தப்புன்னு ஒத்துக்கிட்டார். கம்பர் எழுதியிருக்கார்."

அவள் முகம் கொஞ்சம் மலர்ந்தது. "கூனிகிட்டப் போய்ச் சொன்னாரா?"

"இல்லே. சுக்ரீவன்கிட்டச் சொன்னார்."

"ஏன் தாத்தா? சுக்ரீவன் முதுகுலயா பட்டுது?"

இதற்கும் என்னிடம் பதில் இல்லை. இந்தத் தடவை வாய்தாவும் கேட்கவில்லை.

அவள் போன பிறகு பழைய கடிதக் கட்டுகளை எடுத்துத் தேடினேன். திருச்சிப் பக்கத்துக் கார்டு அகப்படவில்லை. அந்த வாசகர் இருந்தால் தொண்ணூறு வயதுக்கு மேல் ஆகும். அந்த மகளுக்கும் பேரக்குழந்தைகள் பிறந்திருக்கலாம். அவர்களுக்குப் போய்ச் சேர வேண்டிய ஒரு பதிலை இத்தனை வருஷம் கழித்து, முன்பின் தெரியாத உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நானும் சுக்ரீவனிடம்தான் சொல்கிறேன்.